டெலிட் பண்ணு, முபீனா!

கிணற்றுக்குள் அந்த ஆள் தலைகுப்புற விழுந்தான்!

அலறப் போன வாயைப் பொத்திக் கொண்டாள் எடிட்டர் முபீனா. அந்தச் சின்னக் கிளிப்பை மறுபடி ஓட்டினாள்.

நேற்று கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் டிரோன் எடுத்தது. நடுவில் கல்யாண ஜோடி. ஓரத்தில் கிணறு. விழுகிறவர் இந்தத் தேனி ஸ்டூடியோவின் பார்ட்னர் செல்லப்பாண்டி. கால் தவறி விழுந்து செத்தார் என்று காலையில்தான் ஊரே பேசியது!

தள்ளுகிற ஆள்...

"நாந்தேன்."

முதுகுக்குப் பின்னால் குரல். முதலாளி பொன்னுராஜ்! கதவைத் தாழிட்டார். கையில் ஆல்பம் வெட்டும் கத்தி.

"வேற யாரு பாத்தாக?"

"யாரும் பாக்கலண்ணே..."

"அழி. கத்திப் பாரு... அங்கன டிவி சத்தத்துல ஒரு பயலுக்கும் கேக்காது."

முன் ஹாலில் கல்யாண வீட்டார் பெரிய டிவியில் டிரெய்லர் பார்த்துக் கொண்டிருந்தார்கள். இந்த அறையின் லினக்ஸ் சர்வர்தான் எல்லா கம்ப்யூட்டருக்கும், அந்த டிவிக்கும் வீடியோக்களைப் பகிர்கிறது. 'டிஸ்ப்ளே' என்ற ஃபோல்டரில் எது வந்து விழுந்தாலும் டிவி உடனே ஓட்டிவிடும்.

முபீனாவுக்குள் பளிச்சென்று ஒரு பொறி!

"அண்ணே... ஃபைல் ஷேரிங் பண்ற சம்பா செட்டிங் இன்னும் முடியல. அத முடிச்சாத்தேன் முழுசா அழியும்."

"சம்பாவோ பொன்னியோ... வெரசா முடி!"

கறுப்புத் திரையில் சர்வரின் அமைப்புக் கோப்பு திறந்தது. அழிக்கிற ஃபைல் அழியாமல் போய் விழ ஒரு குப்பைத் தொட்டியை இயக்கினாள். அந்தத் தொட்டிக்கு அவள் கொடுத்த இடம்...

டிஸ்ப்ளே!

பொன்னுராஜ் குனிந்தார்.

"ஏத்தா, அது என்னது டிஸ்ப்ளே?"

முபீனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"திரையில தெரியாம மறைக்கிற வரிண்ணே."

"ம்..."

சேமித்தாள். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாள். ஓர் எழுத்து தப்பினாலும் பிழைச் செய்தி வரும். கத்தி இறங்கும்...

வரவில்லை!

"தள்ளு. நானே அழிக்கேன். ஒன்னய நம்ப முடியாது."

டெலிட்டைத் தட்டினார். ஃபைல் மறைந்தது. பொன்னுராஜ் சிரித்தார்.

"இனி சாட்சி நீ ஒருத்திதேன். லொகேஷன் பாக்க மேகமலைக்குப் போவோம், வா. திரும்பி வாரது நா மட்டுந்தேன்!"

கையைப் பிடித்து இழுத்தார். முபீனா மேஜையைக் கெட்டியாகப் பற்றிக் கொண்டாள்.

ஹாலில் பாட்டு நின்றது...

"அடப்பாவி! நம்ம பொன்னுராஜு ஆளத் தள்ளுறான்யா!"

தாழ்ப்பாள் தெறித்தது. மாப்பிள்ளை வீடு, பொண்ணு வீடு, மொத்தமும் உள்ளே! கத்தி எகிறிப் போய் விழுந்தது. நாலைந்து பேர் பொன்னுராஜைச் சுவரோடு அமுக்கினார்கள்.

அவர் மானிட்டரையே வெறித்தார்.

"என் கையாலதான அழிச்சேன்... அங்கன எப்படிப் போச்சு?"

"நீங்க அழிச்சதாலதேன் போச்சு."

முபீனா மூச்சு வாங்கினாள்.

"அழிஞ்ச வீடியோவ மீட்டுக் குடுக்க கஸ்டமர்கிட்டத் தனி ரேட்டு வாங்குவீகல்ல? ஒங்களுக்கு ஃப்ரீண்ணே!"