வேலி தாண்டிய ஐந்து குச்சிகள்

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கொசுறு ஒரு காரியம் செய்தாள். அதைச் செய்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல நாட்களுக்கு அவளுக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை.

கொசுறு என்பது பள்ளிக்கூடத்தில் பதிந்த பெயர் இல்லை. வகுப்பிலேயே குள்ளமானவள் அவள்தான். அம்மா கடைக்குப் போனாலும் வங்கிக்குப் போனாலும் கூடவே ஒட்டிக்கொண்டு போவாள். ஒரு காய்கறிக் கடைக்காரர் வேடிக்கையாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

அம்மா நாற்றுப் பண்ணை வைத்திருந்தாள். பச்சை வலைக்குக் கீழே, கறுப்புப் பைகளில், ஆயிரக்கணக்கான செடிகள். அப்பா அவற்றை வேனில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார். பண்ணையின் ஓரத்தில், வேலியை ஒட்டி ஒரு கிணறு இருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் அத்தனை செடிகளும் இருந்தன, வீடும் இருந்தது.

அங்கேதான் வந்தது வம்பு. ஓர் எரிவாயுக் கம்பெனி பூமிக்கு அடியில் பெரிய குழாய் பதிக்கப் போகிறதாம். மூன்று கால் கருவியோடு அளவைக்காரர் ஒருவர் வந்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், ஏதோ குறித்துக்கொண்டார், மஞ்சள் சாயம் பூசிய குச்சிகளை வரிசையாக அடித்துவிட்டுப் போனார். பண்ணைக்குள் ஐந்து குச்சிகள். மூன்றாவது குச்சி கிணற்றின் விளிம்பிலேயே நின்றது.

குழாய்க்கு இரண்டு பக்கமும் பத்தடிக்கு மரம், கட்டடம், கிணறு எதுவும் இருக்கக் கூடாதாம். கிணற்றை மண் போட்டு மூடிவிடுவார்களாம்.

கம்பெனிக்கு நான்கு பேருடைய கையெழுத்து வேண்டியிருந்தது. முன்னால் தையற்கார அக்காவின் மனை, அதற்கு எதிரே பழைய தபால்காரரின் எலுமிச்சைத் தோட்டம். பின்னால் அம்மாவின் பண்ணை, வேலிக்கு அந்தப் பக்கம் பால்காரரின் நிலம். குழாய் போவது தையற்கார அக்காவின் மனை, அம்மாவின் பண்ணை என்ற இரண்டு நிலத்தில்தான் என்றாலும், குழி தோண்டும் இயந்திரம் போய்வர மற்ற இரண்டு நிலமும் தேவை. ஒருத்தரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று நான்கு பேரும் கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

ஆனாலும் அம்மா சரியாகத் தூங்கவில்லை. செடிக்குத் தண்ணீர் விடும்போதே கிணற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அதைக் கொசுறு தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை, அம்மாவோடு ஒட்டிக்கொண்டு சந்தைக்குப் போகாமல் வீட்டில் தங்கி, ஐந்து குச்சிகளையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். கம்பி வேலிக்கு அடியில் நுழைந்தாள். அந்தப் பக்கம் இருபது அடி தள்ளி, அதே வரிசையில், கல்லால் தட்டித் தட்டி நட்டுவிட்டாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வீட்டுப் பாடம் எழுத உட்கார்ந்தாள். எழுத்தெல்லாம் கோணல் கோணலாக வந்தது.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து பட்டியல் எழுதுகிறவர் வந்தார். குச்சிகள் யார் நிலத்தில் நிற்கின்றன என்று பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். புதன்கிழமை பால்காரர் வீட்டுக்குக் காகிதம் வந்தது. மாட்டுக் கொட்டகையைப் பிரித்து எடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

மாட்டுக் கொட்டகை! குச்சியை நடும்போது அது கொசுறின் கண்ணில் படவே இல்லை. கண் முழுக்கக் கிணறுதான் நின்றது.

பால்காரரின் மகள் கொசுறின் வகுப்புதான், பக்கத்து இருக்கைதான், உயிர்த்தோழியும்தான். அவளுக்கு டமாரம் என்று பெயர். அவள் காதில் விழுந்தது ஐந்து நிமிடத்தில் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும். அன்று அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"கொட்டகை போச்சுன்னா மாடுங்களை எங்க கட்டறதுன்னு அப்பா கேக்கறாரு. எல்லாத்தையும் வித்துடலாம்னு சொல்றாரு."

கொசுறு சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடிவிட்டாள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. நாற்றுப் பண்ணைக்காரம்மா கம்பெனிக்காரர்களோடு ரகசியமாகப் பேசிக் குழாயைத் தள்ளிவிட்டாள் என்று பால்காரர் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார். வேலியோரம் அம்மாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குச்சிகளைக் கம்பெனிக்காரர்களே மாற்றி நட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்த அம்மா தலையும் புரியாமல் வாலும் புரியாமல் நின்றாள்.

"நான் யார்கிட்டயும் போய் நிக்கலையே. என்னை ஏன் இப்படிச் சொல்றாரு?" என்று அப்பாவிடம் கேட்டு அழுதாள்.

கொசுறுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொல்லிவிடலாமா? சொன்னால் குச்சிகள் திரும்பி வரும். கிணறு போய்விடும். சொல்லாவிட்டால் கொட்டகை போய்விடும். எந்தப் பக்கம் நினைத்தாலும் யாரோ ஒருவர் வீடு அழுதது. வாய் வரைக்கும் வந்த வார்த்தையைத் தினமும் விழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி அதிகாரி நான்கு பேரையும் பள்ளிக்கூடத்துக் கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார். கொசுறும் வழக்கம்போல அம்மாவோடு ஒட்டிக்கொண்டாள். டமாரம் அவள் அப்பாவுக்குப் பின்னால் நின்றாள். பால்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதிகாரி காகிதங்களை மேசையில் பரப்பினார். அவருக்குப் பக்கத்தில் அளவைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். கோடு ஏனோ கோணலாகப் போகிறது, என் கருவியில்தான் கோளாறு போலிருக்கிறது, இரண்டு தரம் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டேன் என்று பாவமாகச் சொன்னார்.

அதிகாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யார் முதலில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று கேட்டார்.

பால்காரர் எழுந்தார். "நான் போடறேன். ஒத்துமையா இருப்போம்னு பேசினதெல்லாம் வாயோட போச்சு. என் தலையில வந்து விழுந்ததும் மத்தவங்க நிம்மதியா மூச்சு விடறாங்க. அப்புறம் நான் மட்டும் யாருக்காக நிக்கணும்?"

அவர் பேனாவைத் திறந்தார். அவள் அம்மாவின் கையை விட்டுவிட்டு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, கையெழுத்துப் போடாதீங்க. குச்சிங்களைத் தள்ளி வெச்சது நான்தான். அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. கிணறு போயிடுமேன்னு பயந்துட்டேன். உங்க கொட்டகையை நான் நினைச்சே பார்க்கல."

டமாரம் ஒரு தரம் அவளைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

அளவுக் குச்சியைத் தொட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று அதிகாரி குரலை உயர்த்தினார். அம்மா எழுந்து வந்து கொசுறின் தோளில் கையை வைத்தாள்.

"இவ செஞ்சது தப்புதான், சார். அதுக்கு நான் பொறுப்பு. அஞ்சு குச்சியையும் இன்னைக்கே எங்க கிணத்துகிட்ட நட்டுடறேன். ஆனா கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

அப்போது தையற்கார அக்கா தொண்டையைக் கனைத்தாள். "குழந்தை சொல்லிட்டா. நான் சொல்லாம இருந்தா நல்லா இருக்காது. என் மனையில இருந்த நாலு குச்சியை நானும் எதிர்த் தோட்டத்துல நட்டு வெச்சேன்."

பழைய தபால்காரர் மெல்ல நிமிர்ந்தார். "அது நீதானா? நான் தினம் காலையில எழுந்து அதைப் பிடுங்கி உன் மனையில வெச்சிட்டு வர்றேன். மறுநாள் பார்த்தா திரும்ப என் தோட்டத்துல நிக்குது."

அளவைக்காரர் நெற்றியில் அறைந்துகொண்டார். "அப்போ என் கருவி நல்லாத்தான் இருக்கா?"

பால்காரர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் முகம் சிவந்திருந்தது. கோபமா வெட்கமா என்று கொசுறுக்குப் புரியவில்லை.

"நானும் வியாழக்கிழமை போனேன். திரும்ப அந்தப் பக்கமே தள்ளிடலாம்னு குனிஞ்சு இழுத்தேன். இடுப்பு பிடிச்சிக்கிச்சு. இன்னும் நிமிர முடியல," என்றார்.

முதலில் சிரித்தது அளவைக்காரர்தான். பிறகு அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அதிகாரி சிரிக்கவில்லை. வரைபடத்தில் உள்ள கோடுதான் கணக்கு, குழாய் பழையபடி கிணறு வழியாகவே போகும், பால்காரர் கொட்டகைக்கு ஆபத்து இல்லை, அவர் இயந்திரம் போக மட்டும் வழிவிட்டால் போதும் என்றார். காகிதத்தைப் பால்காரர் பக்கம் மறுபடி தள்ளினார்.

கொசுறு பால்காரரின் பேனாவையே பார்த்தாள். இனி பால்காரருக்குப் பயம் இல்லை. ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடலாம்.

பால்காரர் கொசுறின் அம்மாவைப் பார்த்தார். கொசுறைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"வேண்டாம், சார். நாலு நாள் எனக்கே தூக்கம் இல்ல. அந்தத் தூக்கமில்லாததை வேலிக்கு அந்தப் பக்கம் தள்ள எனக்கு மனசு வரல."

அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. "பின்னே குழாயை எங்கதான் போடறது? ஆகாயத்திலயா?"

"ரோட்டோரம் போடலாமே, சார்," என்றாள் கொசுறு. எல்லோரும் திரும்பியதும் அவள் குரல் இன்னும் சிறியதாகிவிட்டது. "குச்சிங்களைக் கையில வெச்சிக்கிட்டு எங்க நடலாம்னு பார்த்தேன். ரோட்டோரத்துல கிணறும் இல்ல, வீடும் இல்ல. ஆனா ரொம்ப தூரம், வெயில் வேற. அதான் நான் போகல. நீங்களும் அதனாலதான் போகலையா?"

அதிகாரி வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அளவைக்காரர் மெதுவாக, தூரம் கொஞ்சம் கூடும், சாலை இலாகாவின் அனுமதி வாங்க வேண்டும், மற்றபடி முடியாத காரியம் இல்லை என்றார். அதிகாரி அவரை முறைத்த முறைப்பில் அவர் கருவியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கே நான்கு பேரும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதினார்கள். சாலையோரம் என்றால் சம்மதம், நிலத்துக்குள் என்றால் ஒருத்தர் கையெழுத்தும் கிடைக்காது. பழைய தபால்காரர் அதைத் தபாலில் போட ஒப்புக்கொள்ளவில்லை. தபாலைப் பற்றித் தனக்குத்தான் தெரியும் என்று சொல்லி, பேருந்து ஏறிப் போய்த் தானே கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு காத்திருந்தார்கள். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. மூன்றாவது குச்சி பழையபடி கிணற்றின் விளிம்பில் நின்றது. வீட்டு வாசலில் ஏதாவது வண்டி நின்றாலே அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

அதைவிடக் கொசுறை வாட்டியது டமாரத்தின் மௌனம். ஊரையே கூட்டும் வாய், கொசுறிடம் மட்டும் திறக்கவே இல்லை. பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்தாள். அழிப்பான் கேட்டால் எடுத்துத் தள்ளினாள். ஆனால் ஒரு வார்த்தை இல்லை. மூன்று தரம் மன்னிப்புக் கேட்டாயிற்று. திட்டினால்கூடத் தேவலை என்று கொசுறுக்குத் தோன்றியது.

இருபத்திரண்டாவது நாள் பதில் வந்தது. அம்மா அதை நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தாள். குழாய் சாலையோரமாகப் போகும், நிலத்துக்காரர்களின் கையெழுத்துத் தேவையில்லை என்று எழுதியிருந்தது. அம்மா கடிதத்தால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்த அழுகை கொசுறுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் அளவைக்காரர் வந்து குச்சிகளைப் பிடுங்கிக் கட்டாகக் கட்டினார். எடுத்ததும் மறுபடி எண்ணிப் பார்த்துக்கொண்டார், பாவம். அவர் தலையில் கட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு சாலையை நோக்கி நடப்பதைக் கொசுறு வேலியோரம் நின்று பார்த்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் டமாரம் வந்து நின்றாள். அவளும் அளவைக்காரரையே பார்த்தாள். அவர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும்னு பயந்தேன்."

டமாரம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதை மறுக்க முடியாது என்று அவளுக்கே தெரிந்தது.

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகட்டும்," என்றாள். "என்னைக் கூப்பிட்டிருந்தா ரெண்டு பேருமா அன்னைக்கே ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போயிருக்கலாம், இல்ல?"