மூன்று லிங்கம் பாக்கி

பால் வாங்கக் கிளம்பிய அறிவுமதி, பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். அடி அண்ணாமலையில், எஸ்.டி.டி. பூத்துக்கு எதிரே ஒரு வீடு நின்றது. நேற்று மாலை அங்கே புளியமரம் மட்டும்தான் இருந்தது!

அந்த வீட்டுக்குக் கதவு இருந்தது. ஜன்னலில் பூப்போட்ட திரை இருந்தது. அடியில் இரண்டு சக்கரங்களும் இருந்தன. ஒரு பழைய ஜீப் அதை இழுத்து வந்திருந்தது. ஒரு டயர் பஞ்சராகித் தரையோடு தரையாகக் கிடந்தது.

"உள்ள வந்து பாரு, பாப்பா," என்று ஜன்னலிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்.

அவர் பெயர் ஆதிலட்சுமி. ராணிப்பேட்டையில் லேத்து பட்டறை வைத்திருந்த அவர் கணவர் பரசுராமன்தான் அந்த வீட்டைச் செய்தாராம். சுவரை இழுத்தால் கட்டில் வந்தது. கட்டிலை மடித்தால் மேசையானது. தரையில் ஒரு கட்டையை மிதித்தால் குழாயில் தண்ணீர் கொட்டியது. அறிவுமதி மிதித்தாள், மிதித்தாள், பால் பாத்திரம் நிறைகிற வரைக்கும் மிதித்தாள்.

"இதுலயேவா இருக்கீங்க, பெரியம்மா?"

"ஆறு வருஷமா இதான் வீடு. காலையில வாசல்ல கோலம் போடுவேன். மறுநாள் கோலம் அங்கயே இருக்கும், வீடு வேற ஊருக்குப் போயிடும்."

"யானை பார்த்திருக்கீங்களா?"

"முதுமலையில ஒண்ணு இந்த ஜன்னல்ல துதிக்கையை விட்டு, வாழைத்தாரையே தூக்கினு போயிடுச்சு. அன்னியிலருந்து இவரு வாழைப்பழமே வாங்குறதில்ல."

அறிவுமதி திறந்த வாயை மூட மறந்தாள்.

அன்று ஐப்பசிப் பௌர்ணமி. ஆதிலட்சுமிக்கு மூட்டுவலி, பத்தடி நடந்தாலே உட்கார்ந்துவிடுவார். மறுநாள் வேலூரில் ஆபரேஷன். அதற்குமுன் பௌர்ணமியன்று ஒருமுறை மலையைச் சுற்றிவிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அதனால்தான் வீட்டோடு கிரிவலம் கிளம்பிவிட்டார்கள். விடியற்காலையில், மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கங்களில் ஒன்றான ஈசான்ய லிங்கத்தில் தொடங்கி, ஊரைக் கடந்து, பாதிக்கு மேல் வந்தாயிற்று. பௌர்ணமி மதியம்தான் பிறக்கிறது, அதற்குள் வாகனங்களை நிறுத்தமாட்டார்கள் என்று பரசுராமன் நாள்காட்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தார்.

கணக்கு தப்பிவிட்டது. பஞ்சர் ஒட்டி முடிக்கும்போது மணி பத்து. கான்ஸ்டபிள் தசரதன் சாலையின் குறுக்கே கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டி எதுவும் போகக்கூடாதுங்க. ஜனங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. வந்த வழியே திரும்பிடுங்க."

"சார், இன்னும் மூணே லிங்கம்தான் பாக்கி. வாயு, குபேரன், அப்புறம் ஆரம்பிச்ச ஈசான்யம். நாலஞ்சு கிலோமீட்டர்," என்று பரசுராமன் கெஞ்சினார்.

"இன்ஜின் வண்டி ஒண்ணைக்கூட விடக்கூடாதுனு ஆர்டருங்க. நான் என்ன பண்றது?"

ஆதிலட்சுமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "திரும்பிப் போனா சுத்துனதெல்லாம் சுத்தாத மாதிரி ஆயிடுமேங்க," என்றார். கண்களில் நீர் முட்டியது.

அறிவுமதி திரும்பினாள். ஜீப்பைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். சட்டென்று கான்ஸ்டபிளிடம் ஓடினாள்.

"சார், இன்ஜின் இருக்குற வண்டிதானே போகக்கூடாது?"

"ஆமா."

"வீட்டுக்கு இன்ஜின் இல்லியே! ஜீப்பைக் கழட்டிட்டா? தேருக்கு மட்டும் இன்ஜினா இருக்குது?"

தசரதன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இன்ஜின் இல்லாத வீட்டைப் பத்தி எனக்கு ஆர்டர் எதுவும் வரல," என்றார் மெதுவாக. பிறகு சாலையைப் பார்த்தார். "கூட்டம் இன்னும் கம்மிதான். ஓரமா, சீக்கிரமா போயிடணும்."

அறிவுமதி தன் வீட்டுக்குப் பறந்தாள். பால் எங்கே என்று கேட்ட அப்பா முருகவேலையும், டிராக்டரில் வைக்கோல் பாரம் கட்டும் தாம்புக்கயிற்றையும் சேர்த்தே இழுத்து வந்தாள். ஜீப் புளியமரத்தடியில் நின்றுகொண்டது. வீட்டின் முன்கம்பியில் கயிறு ஏறியது.

"ஒரு கை குடுங்க! பெரியம்மா கிரிவலம் போகணும்!" என்று அவள் கத்தினாள்.

முதலில் ஆறு பேர் வந்தார்கள். வீடு அசையவில்லை. பத்துப் பேர். இருபது பேர். முப்பதாவது ஆள் கயிற்றைப் பிடித்ததும், "அரோகரா!" என்று ஒரு சத்தம். வீடு நகர்ந்தது!

 கதவு, ஜன்னல், திரை, அடுப்பு, கட்டில் எல்லாம் சேர்ந்து ஒரு முழு வீடு, மனிதர்களின் கைகளால் மட்டும் உருண்டுகொண்டிருந்தது. பரசுராமன் முன்கம்பியைப் பிடித்து வழி திருப்பினார். இறக்கம் வந்தபோது அப்பாவும் பத்துப் பேரும் பின்னால் இன்னொரு கயிற்றைப் பிடித்து நிதானப்படுத்தினார்கள். களைத்தவர்கள் கயிற்றை விட, புதியவர்கள் பிடித்தார்கள்.

வழியில் ஒரு பெரியவர் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உள்ள என்ன சாமி, பாப்பா?" என்று கேட்டார்.

"சாமி இல்லீங்க, பெரியம்மா!"

"பெரியம்மாவா? சரி, நவுரு," என்று அவரும் கயிற்றைப் பிடித்தார்.

வலப்பக்கம் மலை கூடவே வந்தது. இதற்குமுன் கூட்டத்தில் நடந்தபோதெல்லாம் அறிவுமதி ஆட்களின் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். இன்றுதான் மலையைப் பார்த்தாள். ஒரே சிகரம் இரண்டானது, பிறகு அகன்றது, பிறகு மறுபடி கூர்மையானது. தினமும் கொல்லைப்புறத்தில் நிற்கும் மலைக்கு இத்தனை முகமா!

வாயு லிங்கம் போயிற்று. குபேர லிங்கம் போயிற்று. ஈசான்ய லிங்கத்தருகே வீடு நின்றபோது, முருகவேல் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

பரசுராமன் கைகொடுக்க, ஆதிலட்சுமி மெல்லப் படியிறங்கினார். "முடிஞ்சுதுங்க," என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மலையைப் பார்த்துக் கைகூப்பினார்.

பிறகு அந்தக் கைகளை இறக்காமலே திரும்பி, வியர்வை வழிய நின்றவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக் கும்பிட்டார். கடைசியாக அறிவுமதியைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவளை யாரும் இதற்குமுன் கும்பிட்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, அவளும் சிவந்துபோன இரண்டு கைகளையும் கூப்பினாள்.