எதிர்வீட்டுக்கு வழமை போல

கேதீஸ்வரன் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினான். கூரைத் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. போய்க் குழாயை அடைத்தான். வழிந்த தண்ணீர் படலையைத் தாண்டி ஒழுங்கையில் இறங்கி, எதிர்வீட்டு மதிலோரமாக ஓடி, வாய்க்காலில் விழுந்தது. தேநீர் வைத்தான். குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். எதிர்வீட்டுக் கொடியில் ஒரு துணியும் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஒழுங்கை திரும்பும் முடக்கு வரை நடந்தான்.

முடக்கில் கேள்தூண் நின்றது. ஆள் உயரத்தில் சாம்பல் நிறத் தூண். முகத்துக்கு நேரே சல்லடை போல ஒரு வட்டம். கேள்தூண் என்பது திட்டக்காரர் வைத்த பெயர். ஆழித்துறை நகரம் முழுக்க அதைக் கம்பம் என்றே சொன்னது. அவனுக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் பேசி முடித்ததும் அவன் குனிந்தான்.

“எதிர்வீட்டுக்கு வழமை போல.”

“வழமை போல. நன்றி,” என்றது கம்பம்.

அவன் வேலைக்குப் போனான். மனைவி துஷ்யந்தி இருந்தபோது அவள்தான் கம்பத்துக்கு வருவாள். அவள் பேசி முடிய நேரமாகும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

ஆழித்துறையில் யாரும் தன் வீட்டுக்குக் கேட்க முடியாது. தண்ணீர், மின்சாரம், குப்பை வண்டி, மருத்துவத் தாதி எல்லாம் கம்பத்தின் வழியாகத்தான் வரும். கம்பமோ எதிர்வீட்டுக்காரரின் சொல்லை மட்டுமே கேட்கும். அப்படிச் சொல்லும் பொறுப்புள்ளவருக்கு ‘எதிர்வாய்’ என்று பெயர்.

சண்டை முடிந்த புதிதில் இப்படி இல்லை. களப்பின் வடகரையும் தென்கரையும் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிவிட்டு ஓய்ந்தபோது, நகரத்தில் மிஞ்சியது பாதிக் கட்டடங்களும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஓர் ஆலையும்தான். அதிகாரிகள் வீடு வீடாகப் போய் என்ன தேவை என்று கேட்டார்கள். தொண்டை பலமுள்ளவர்கள் இரட்டிப்பாகக் கேட்டார்கள். உண்மையில் இல்லாதவர்களோ கதவைப் பாதி திறந்து, “எங்களுக்கு ஒண்டும் வேண்டாம்” என்று சொல்லிச் சாத்திக்கொண்டார்கள். யாரோ ஒருவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: உன் எதிர்வீட்டுக்கு என்ன தேவை? ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு பக்கம் வடகரையார், மறு பக்கம் தென்கரையார் என்று குடியேற்றினார்கள். ஊர் சிரித்தது. எதிரியின் வயிற்றுக்காக எவன் வாய் திறப்பான்? வஞ்சகம் செய்யலாம்தான். ஆனால் நாளைக்கு உன் தண்ணீர் அவன் வாயில் இருக்கிறது.

நகரத்தின் வறுமையைக் காட்டும் கோடு சில வருடங்களில் சரிந்து விழுந்தது. ஒருவனுக்குத் தண்ணீர் கேட்க வேண்டுமென்றால் அவன் வீட்டை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அந்தத் தொழில்நுட்பம்.

கேதீஸ்வரனுக்கு இவை தெரியாதவை அல்ல. புள்ளியியல் படித்தவன், நீர்ப் பங்கீட்டு அலுவலகத்தில் அந்தக் கோடுகளைப் பார்ப்பதுதான் அவன் வேலை.

அன்று பிரிவுத் தலைவி சந்திரமலர் அவனைக் கூப்பிட்டாள். திரையில் ஒரே ஒரு வீட்டின் கோடு. மழைக்காலத்துக்கு முன் ஒரு நாளில் படிபோலப் பாதிக்கு இறங்கி, அதன்பின் ஆடாமல் அசையாமல் நேராகப் போனது.

“பாரும் கேதீஸ். பாதித் தண்ணியில ஒரு வீடு இவ்வளவு காலமா ஓடுது. ஒரு முறைப்பாடும் இல்லை. என்ன மாயம் செய்யினம் எண்டு எனக்குத் தெரியவேணும்.”

“ஏன் மேடம்?”

“ஏனோ? ஆலையில உப்பு வடிக்கிற சவ்வுகள் பழுதாப் போகுது. மேட்டுக் குடியிருப்புக்கு இன்னும் ஒரு சொட்டுக் குடுக்கேல்லை. இந்த வீடு பாதியில வாழுதெண்டா மற்ற வீடுகளும் வாழலாம். எல்லா ஒழுங்கைக்கும் குறைச்சு அங்க அனுப்பலாம். நாளைக்கு அறிக்கை வேணும். வீடும் உம்மட ஒழுங்கையிலதான்.”

அவன் வீட்டு எண்ணைப் பார்த்தான். எதிர்வீடு.

பல வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாக அவனுக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பாதித் தண்ணீரில் எப்படி? கழுவிய தண்ணீரைத் திரும்பப் பாவிக்கிறார்களா? கிணறு ஏதும் தோண்டியிருக்கிறார்களா? பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்தான்.

மாலையில் எதிர்வீட்டுப் படலையைத் தட்டினான். பிலோமினா அக்கா திறந்தாள். உள்ளே கட்டிலில் அவள் புருசன் அந்தோனி சாய்ந்திருந்தான். தென்கரைக்காகச் சண்டை பிடித்தவன். வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது.

“வடகரையார் வந்திருக்கிறார். கதிரையைத் துடைச்சுப் போடு,” என்றான் அந்தோனி. “துடைக்கத் தண்ணி இல்லையெண்டா ஊதிவிடு.”

“சும்மா இருங்கோப்பா. இருங்கோ தம்பி.”

இருந்தான். வீட்டுக்குள் ஒரு வாடை இருந்தது. என்ன வாடை என்று யோசிக்காமல், பஸ்ஸில் தயாரித்து வந்த கேள்வியைக் கேட்டான்.

“அக்கா, பாதித் தண்ணியோட எப்பிடிச் சமாளிக்கிறீங்கள்?”

அவள் அவனைப் பார்த்தாள். “சமாளிக்கிறனெண்டு ஆர் சொன்னது?”

“கணக்குச் சொல்லுது.”

“அப்ப அந்தக் கணக்கை வந்து இவரின்ர புண்ணைக் கழுவச் சொல்லுங்கோ.”

அந்தோனியின் வெட்டிய காலின் முனையில் சுற்றியிருந்த துணி சாம்பல் நிறமாக இருந்தது. செயற்கைக் கால் உரசி வந்த புண். தினமும் இரண்டு தரம் கழுவிக் கட்டச் சொல்லியிருந்தார்களாம். இப்போது சமையலுக்கும் குடிக்கவும் போக மிஞ்சினால்தான் கழுவுவது. வாடை அங்கிருந்துதான் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டால் முழங்காலுக்கு மேலே வெட்ட வேண்டிவரும் என்று மருந்துச்சாலையில் சொன்னார்களென அவள் சொன்னாள். பருப்பு முடிந்துவிட்டது என்பது போன்ற குரலில் சொன்னாள்.

“தாதி வரேல்லையா?”

“தாதியையும் நீங்கள்தானே தம்பி சொல்லிக் கூப்பிடவேணும்.”

கேதீஸ்வரன் கதிரை நுனிக்கு நகர்ந்தான். “எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“தன்ர வீட்டுக்குத் தானே போய்க் கேக்கிறதோ? அந்த முறை இங்க இல்லையே. கொடியில துணி இல்லாததைப் பார்ப்பீங்கள் எண்டு இருந்தன். துஷியெண்டால் கொடியைப் பார்த்தே எல்லாம் சொல்லிப்போடுவா.”

“நான் போய்க் கத்தவோ எண்டு கேட்டனான்,” என்றான் அந்தோனி. “செத்தவீடு நடந்த வீட்டில போய்த் தண்ணிக்குக் கத்துறதோ எண்டு என்னை ஏசினவ. ஒரு கால்காரன் ஓடவும் ஏலாது. ஏச்சு முழுக்கக் கேட்டன்.”

கேதீஸ்வரன் படலைப் பக்கம் திரும்பினான். வெளியே வாய்க்கால் ஈரமாகவே கிடந்தது.

“எங்கட தொட்டி ஒவ்வொரு நாளும் வழியுது,” என்றான் கேதீஸ்வரன்.

“ஓம். உங்கட வீட்டுக்கு ரெண்டு பேர் எண்டுதான் இன்னும் சொல்லுறன்.” பிலோமினா சேலைத் தலைப்பை வெடிப்பு விழுந்த விரலில் சுற்றினாள். “ஒராள் எண்டு சொல்ல வாய் வரேல்லை தம்பி.”

அவன் எழுந்தான். “நான் இப்பவே நாலு வாளி கொண்டுவாறன். தினமும் கொண்டுவந்து தாறன்.”

“வேண்டாம்.”

“அக்கா…”

“வாளியில தந்தா அது பிச்சை. கம்பத்தில சொன்னா அது முறை. சண்டைக்குள்ள வாளியோட நிண்டது காணும், இனிப் போதும்.”

படலை வரை வந்தவள் சொன்னாள்: “எனக்கும் ஒண்டு விளங்கேல்லை. துஷி அண்டைக்கு மத்தியானம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தவ. கணவாய் வாங்கப் போறன், ரெண்டு பேரும் வந்திடுங்கோ எண்டவ. அண்டையில இருந்துதான் தண்ணி குறைஞ்சது.”

கணவாய் வாங்கத்தான் அவள் சந்தைக்குப் போனாள். சந்தைத் தெருவில் குண்டு வெடித்த காலத்திலிருந்து வெடிப்போடு நின்ற மதில் ஒன்று அன்று அவள் மேல் விழுந்தது. அவ்வளவு வருடமும் நின்ற மதில்.

முடக்கில் அன்சார் கம்பத்தின் முதுகைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தான். கம்பங்களைப் பழுது பார்ப்பவன். கேதீஸ்வரனோடு ஒரே கல்லூரியில் படித்தவன்.

“என்ன அண்ணை, பேயைக் கண்ட மாதிரி வாறீர்?”

“வழமை போல எண்டு சொன்னா இது என்ன செய்யும்?”

“கடைசியா விளக்கமாச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கும். முன்சொல் எண்டு பேர். ஒரு வீட்டுக்கு ஒரு முன்சொல்லுக்குத்தான் இடம். நீர் கடைசியா என்ன சொன்னீரோ அதுதான்.”

“நான் ஒண்டும் சொல்லேல்லை. வழமை போல எண்டு மட்டுந்தான்.”

அன்சாரின் கை நின்றது. “அப்ப உள்ள கிடக்கிறது…”

“ஓம்.”

“குரலாவே கிடக்குமே அண்ணை.”

அந்த நகரத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இருவருக்கும் தெரியும். சண்டையில் துவக்கை விட அதிகம் கொன்றது குரல்போலி. மனைவியின் குரலில் கூப்பிட்டுப் புருசனைச் சந்திக்கு இழுப்பார்கள். தளபதியின் குரலில் சரணடையச் சொல்வார்கள். சமாதானம் வந்ததும் இரு கரையும் வாதாடாமல் ஒப்புக்கொண்ட ஒரே சட்டம் குரலைப் பதிவதற்கான தடை. ஆழித்துறைக் கைப்பேசிகள் குரலைக் கடத்தும், வைத்துக்கொள்ளா. முன்சொல்லுக்காகக் கம்பத்துக்கு மட்டும் விலக்கு. எந்த வீட்டிலும் செத்தவரின் படம் இருக்கும். குரல் இருக்காது.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னவ? “போயிட்டு வாறன் எண்டவ,” என்று அவன் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மையில் அவள் போகும்போது அவன் நித்திரை. அவள் என்ன சொன்னாள், ஏதும் சொன்னாளா என்பது அவனுக்குத் தெரியாது.

“நான் அதைக் கேக்கலாமா?”

“சும்மா கேக்க ஏலாது. புதுசாச் சொன்னா, பழசை அழிக்க முதல் உறுதிக்காக ஒருக்காப் போட்டுக்காட்டும். ஒரு தரம். பிறகு போயிடும்.” அன்சார் மூடியைப் பொருத்தினான். “சொல்லாமல் விட்டா அப்பிடியே கிடக்கும் அண்ணை. நீர் ஒவ்வொரு நாளும் வழமை போல எண்டு சொல்லச் சொல்ல, அது அவவைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கு.”

வீட்டுக்கு வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தான். எழுதியது சிறிய அறிக்கைதான். ‘இது சிக்கனம் இல்லை. அந்த வீட்டின் எதிர்வாய் நான். நான் பார்க்கவில்லை. நகரத்தில் இன்னும் எத்தனை வீடுகள் வழமை போல என்ற சொல்லில் ஓடுகின்றன என்று எண்ணிப் பார்த்த பிறகு தண்ணீரைக் குறைப்பது பற்றிப் பேசலாம்.’ அனுப்பிவிட்டான். அது சுலபமாக இருந்தது.

காலையில் எழுந்தான். பாயைச் சுருட்டினான். தொட்டி வழிந்தது, அடைத்தான். தேநீர் வைக்கவில்லை. ஒழுங்கையைக் கடந்து எதிர்வீட்டு மதிலருகே நின்று பார்த்தான். வெறும் கொடி. அடுப்படிக்குப் பக்கத்தில் கழுவாத பானைகள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. வாசலில் செயற்கைக் கால் சுவரில் சாய்ந்து நின்றது. அதன் வாய்ப் பக்கம் கறுத்திருந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து அந்தோனி அவனைக் கண்டு கையை நெற்றிக்கு வைத்து ஒரு சல்யூட் அடித்தான்.

வரிசையில் நின்றான். முறை வந்ததும் குனிந்தான். வழமை போல என்பது நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைச் சொன்னால் அவள் உள்ளே இருப்பாள்.

“எதிர்வீட்டில ரெண்டு பேர்,” என்றான். “ஒராளுக்குக் காலில புண். காலையும் பின்னேரமும் கழுவவேணும், அதுக்குத் தண்ணி கூட வேணும். சேர்ந்து கிடக்கிற உடுப்பு, பானை எல்லாத்துக்கும் இண்டைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். தாதி இண்டைக்கே வரவேணும். புண் மணக்குது எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ. அக்காவின்ர கையும் வெடிச்சிருக்கு, அதையும் பார்க்கட்டும்.”

பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

“பெற்றுக்கொண்டேன்,” என்றது கம்பம். “முன்சொல் அழியும். ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள்.”

அவன் சல்லடையில் காதை வைத்தான். முதலில் காகம் ஒன்று கரைந்தது. அந்த நாளின் காகம். ஒரு சைக்கிள் மணி. வரிசையில் யாரோ சலித்துக்கொள்வது. பிறகு, ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிய குரலில் துஷ்யந்தி சொன்னாள்:

“அக்கா வீட்டுக்கு இண்டைக்குப் பாதி காணும், மத்தியானம் அவையள் எங்களோடதான் சாப்பாடு. நாளைக்கு நான் வந்து வடிவாச் சொல்லுறன், என்ன?”