அரசரின் குளிர்ந்த அங்கி

கூரையிலிருந்து விழுந்த பட்டு அங்கி, ஷூவான் ஏந்தியிருந்த மூங்கில் கூடையில் தொப்பென்று இறங்கியது. பட்டுக்கு ஏது அவ்வளவு கனம்? அவளுக்கு முழங்கால் மடங்கிவிட்டது.

மேலே நின்றவன் வடக்கே பார்த்து மூன்றாம் முறையும் கத்தி முடித்திருந்தான். "ராஜா, திரும்பி வாங்க!" போன உயிரை அவரவர் அங்கியில் பிடித்து வந்து உடல்மேல் விரித்துப் பார்ப்பார்கள். எழுந்தால் சரி. எழாவிட்டால் அடக்கம்.

ஹூன் அரசர் எழ வேண்டுமென்று அவளைத் தவிர யார் வேண்டினார்கள்? பன்னிரண்டு வயதில் அண்ணன்மாரைத் தீர்த்துக்கட்டி அரியணை ஏறியவர். முப்பத்தோரு வருடம் ஆண்டார். மதில் கட்டினார், ஆற்றைத் திருப்பினார், இரண்டுக்கும் ஊர் ஊராக ஆட்களைக் காவு கொடுத்தார். இப்போது அவர் எழாவிட்டால், அவருக்கு முன்னால் ஏழு பெண்கள் உயிரோடு அடக்கக் குழியில் இறங்கிப் படுக்கை விரிக்க வேண்டும்; அவர்களையும் சேர்த்தே மண் மூடும். முதல் பெயர் ஷூவானின் தங்கை பெய்.

"ஆறு பேர்தான் இருக்காங்க," என்றார் மந்திரி தௌ. "உன் தங்கச்சியை எங்கடி ஒளிச்சு வச்சே?"

"தெரியாதுங்க."

"தெரியாதாம்! போ, அங்கியை விரிச்சுட்டு வா. அந்த மனுஷன் எந்திரிச்சுத் தொலைக்காம இருக்கணும்."

அரசரின் உடல் கிடந்த திரைக்குள் அவள் மட்டும் போனாள். நண்பகல்தான், ஆனால் திரைகளைத் தாண்டி வந்த வெளிச்சம் கலங்கிய கஞ்சித்தண்ணீராக இருந்தது. புளித்த தினைக்கள்ளும் மருந்துவேரும் கலந்த அவருடைய வாசனை படுக்கையிலிருந்து வராமல் கூடையிலிருந்து வந்தது, குனிந்தபோது உள்ளே யாரோ மெல்ல மூச்சு இழுப்பதும் கேட்டது.

அங்கி பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. சில்லென்ற துணி பட்டால் அரசர் அடிப்பார். அதனால் இருபது குளிர்காலமாக அவள்தான் முதலில் உடுத்திச் சூடேற்றுவாள், பிறகு அவருக்கு மாட்டுவாள். பழகிப்போன கைகள் அவளைக் கேட்கவில்லை. அங்கியைத் தானே உடுத்திக்கொண்டாள்.

குளிர் உள்ளே போனது. தோலுக்குள். பல்லுக்குள். கழற்ற நினைத்தாள். கை வரவில்லை. பிறகு கை தானாகவே கழற்றி, பிணத்தின்மேல் நிதானமாக விரித்தது.

"எந்திரிக்கலைங்க," என்று அவள் வாய் வெளியே சொன்னது. அவள் சொல்லவில்லை.

கால்கள் நடந்தன. முற்றம் தாண்டி, பட்டுப்புழுக் கொட்டகைக்கு. அந்த இடம் அவளுக்கு மட்டுமே தெரியும். வேண்டாம் என்று அலறினாள். உதடு அசையவே இல்லை.

முசுக்கட்டை இலைக் குவியலிலிருந்து பெய் தலையை நீட்டினாள். "அக்கா! ராஜா எந்திரிச்சுட்டாரா?"

"எந்திரிச்சுட்டாரு கண்ணு. வா."

பெய் சிரித்தபடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, உன் கை ஏன்க்கா இப்படிச் சில்லுனு இருக்கு?"

ஷூவானின் மூச்சில் புளித்த தினைக்கள் வாசனை அடித்தது. ஷூவானின் கை தங்கையின் விரல்களை இறுக்கிப் பிடித்து, குழிக்குப் போகும் சரிவில் இறங்க ஆரம்பித்தது. பெய் இன்னும் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தாள்.