லாபம் சொல்கிறவள்

வரிசையில் நின்றவர்கள் பதினோரு பேர்தான். கடைசி ஆளாக நின்ற காத்தாயியின் வாயில் வந்த எண்ணோ பன்னெண்டு.

அவள் அந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்த முதல் சாயங்காலம் அது. விளக்கு வைக்கிற நேரம். நீளமான தாழ்வாரத்தில் பெண்கள் வரிசையாக நிற்க, இல்லத்தை நடத்துகிற இன்னாசியம்மாள் கையில் அரிக்கேன் விளக்கோடு எதிரே நின்றாள். ஒவ்வொருத்தியும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை முடிந்தால்தான் செபம், செபம் முடிந்தால்தான் சோறு. பக்கத்தில் நின்றவள் பதினொண்ணு என்றாள், இவள் பன்னெண்டு என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. தலைகளை எண்ணிப் பார்த்தாள். பதினொன்று. மறுபடியும் எண்ணினாள். அதே பதினொன்று. வண்டியில் வந்த அலுப்பு, கணக்கு எங்கேயோ தப்பியிருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

ஆலங்குடிக்கு இரண்டு கல் தள்ளி, முந்திரிக்காட்டுக்கு நடுவே ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு சின்ன மாதா கோயில், ஒரு கிணறு. தயை மாதா இல்லம் என்று வாசலில் எழுதியிருக்கும். ஊர் வாயில் அதற்குக் கெட்டவளுக வீடு என்று பெயர். சமஸ்தானம் போய் எட்டு வருஷம் ஆகியும் ஜனங்கள் புதுக்கோட்டையைச் சமஸ்தானம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒட்டின பெயர் அத்தனை லேசில் போகாது. முந்திரி மூட்டை ஏற்ற வந்த லாரியின் கிளீனர் ஒருவன் காத்தாயியைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி, வயிற்றில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்கு அவளுக்கு ஒட்டின பெயரும் போகவில்லை. செவந்தி பிறந்து நாற்பதாம் நாள், தகப்பன் அழகுமலை வண்டி கட்டி, பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு மகளை மட்டும் இங்கே கொண்டுவந்து இறக்கினான்.

"ஊரு வாய் அடங்கட்டும் ஆத்தா. மாதா பொறந்த நாளு திருவிழாவுக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். வாசல்ல நின்னு ஒன் பேரைச் சொல்லிக் கூப்புடுவேன், ஓடியாந்துரு" என்றான். சொல்லும்போது அவன் மாட்டின் கழுத்தைத்தான் பார்த்தான்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு காத்தாயி நாளைத் தள்ளினாள். விடிந்தால் கோயிலில் செபமாலை. பிறகு முந்திரிக்கொட்டையைச் சட்டியில் வறுத்து உடைக்கிற வேலை. கொட்டையின் தோலிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டால் தோல் வெந்து கறுத்து உரியும். எத்தனை சாம்பலைப் பூசிக்கொண்டாலும் அது எப்படியோ விரல் நுனிக்கு வந்துவிடும். அந்தப் புகை தொண்டையை அறுக்கும், சேலையில் ஏறும், சோற்றில்கூட மணக்கும். இதெல்லாம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நேரம் தவறாமல் மாரில் பால் கட்டி ரவிக்கை நனையும்போதுதான் உயிர் போனது. இந்த நேரம் அங்கே செவந்தி பசித்து அழுகிறாள் என்று அவளுக்குத் தெரியும். கிணற்றடிக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டுவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுவாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வரிசையில் முதல் ஆளான ராசாத்தி, "ரெண்டு" என்று ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் ஒரு குரல் வந்தது. "லாபம்."

ராசாத்திக்கும் மூலைத் தூணுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு இடம் விட்டிருந்தது. குரல் அங்கிருந்துதான் வந்தது. தண்ணீர் குடித்து வெகுநாளான ஒரு பெண்ணின் குரல். யாருடைய வாயும் அசையவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. இன்னாசியம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

லாபம் என்பது காத்தாயிக்குப் புதுச் சொல் இல்லை. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார்கள். அழகுமலை ஊருக்கே நெல் அளக்கிறவன். நாலு வயசிலிருந்து அந்த முதல் வார்த்தையைச் சொல்வது காத்தாயிதான். எம்மக வாய் ராசியான வாய் என்று அவன் மரக்காலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பான், அவள் சொன்ன பிறகுதான் சாய்ப்பான். ஆனால் அது நெல்லுக்கு. மனுஷர்களை யாராவது அப்படி எண்ணுவார்களா?

மறுநாள் கொட்டை உடைக்கும்போது ராசாத்தியிடம் கேட்டாள். "அக்கா, லாபம்னு சொல்றது யாரு?"

ராசாத்தி தலையைத் தூக்கவில்லை. "மெதுவாப் பேசு புள்ள. முன்னாடி நாங்க எல்லாருமாச் சேந்துதான் சொல்லுவோம். ஒண்ணுன்னு ஆரம்பிச்சா வெளங்காதுன்னு நம்ம பக்கத்துப் புள்ளைக சொன்னதுக்கு அம்மாவும் சரின்னுட்டாங்க. அந்த மொத எடம் மாதாவுக்கு, யாரும் நிக்காதீங்கன்னாங்க. காலியா விட்டோம்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒருநா நாங்க வாயைத் தொறக்கவே இல்ல. சத்தம் மட்டும் வந்துச்சு."

"மாதாவா அக்கா?"

ராசாத்தி கறுத்த விரல்களைச் சாம்பலில் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். "மாதாவுக்கு எதுக்குடி தொண்டை வறளுது?" என்றாள். பிறகு, "நான் வர்றதுக்கு முந்தி இருளாயின்னு ஒருத்தி இருந்தாளாம். இந்த வீட்டுக்கு மொதல்ல வந்தவ அவதான். அவ அப்பனும் வந்து கூட்டிட்டுப் போறேன்னுதான் சொல்லிட்டுப் போனானாம். வரல. வாசலையே பாத்துக்கிட்டு, தண்ணிகூடக் குடிக்காமக் கெடந்து செத்தாளாம். போதும், இதுக்கு மேல கேக்காத" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள்.

இன்னாசியம்மாள் கெட்டவள் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பாள். தன் பங்குச் சோற்றை எடுத்துப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் போடுவாள். ஒரு தடவை இருட்டினபின் ஒருத்தி காணாமல் போய் முந்திரிக்காட்டில் பாம்பு கடித்துக் கிடந்தாளாம், அன்றிலிருந்துதான் இந்த எண்ணிக்கை. எண்ணிக்கை முடியாவிட்டால் மறுநாள் வாசற்கதவைத் திறக்கமாட்டாள், யார் வந்தாலும் சரி. அவள் அந்தக் குரலைத் தேவமாதாவின் குரல் என்று நம்பினாள். நம்பாவிட்டால் அவளால் அந்த வீட்டில் தூங்க முடியாது என்று காத்தாயிக்குத் தோன்றியது.

ஆவணி பிறந்தது. திருவிழா நெருங்க நெருங்க அந்தக் குரலில் பழகின சாயல் ஒன்று ஏற ஆரம்பித்தது. முதலில் வறண்டிருந்தது. பிறகு கொஞ்சம் ஈரம். புகையில் காத்தாயிக்கு இருமல் பிடித்த வாரம், அந்தக் காலி இடத்திலிருந்தும் ஓர் இருமல் வந்தது. அவளுடைய இருமல்தான். இரண்டு தடவை இருமி, மூன்றாவதை விழுங்குகிற அதே இருமல். இன்னொரு நாள் விளக்கு வெளிச்சத்தில் மூலைத் தூணடியில் தரை நனைந்திருப்பதைப் பார்த்தாள். வெள்ளைச் சொட்டுகள். புளித்த பால் வாடை. தன் ரவிக்கையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அன்றைக்கு மாரில் பால் கட்டவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இன்னும் மூணே நாள், இன்னும் ரெண்டே நாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்பா வந்துவிடுவார். பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். பிள்ளையை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டால் பால் தானாக ஊறும். தினமும் இதையேதான் சொல்லிக்கொண்டாள்.

திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம். காற்று நின்றுபோயிருந்தது. முந்திரி இலை ஒன்றுகூட அசையவில்லை. பதினோரு பேரும் வரிசையில் நின்றார்கள். இன்னாசியம்மாள் விளக்கைத் தூக்கிப் பிடித்து, "ம், ஆரம்பிங்க" என்றாள்.

குரல் வரவில்லை.

காத்திருந்தார்கள். விளக்கின் திரி படபடத்தது. ராசாத்தி வாயைத் திறந்தாள், மூடினாள். லாபம் சொல்லாமல் ரெண்டு சொல்ல முடியாது. லாபத்தைச் சொல்லவும் அவளுக்குத் தைரியமில்லை. இன்னாசியம்மாளின் கையில் விளக்கு ஆடியது. சுவரில் பதினோரு நிழல்கள் ஆடின. பன்னிரண்டாவது நிழல் ஒன்று ஆடாமல் நின்றது.

"அம்மா, நேரமாகுது" என்று யாரோ முனகினார்கள்.

"எண்ணிக்கை முடியாம நாளைக்கு வாசலைத் தொறக்கமாட்டேன்" என்றாள் இன்னாசியம்மாள்.

வாசல் திறக்காது. அப்பா வந்து நின்று கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். இருளாயி மாதிரி வாசலையே பார்த்துக் கிடக்க வேண்டியதுதான். செவந்தி அழுவாள். களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு அளக்காமல் நிற்கிற மாதிரி இருந்தது அந்த மௌனம். அப்பா மரக்காலோடு காத்திருக்கிற மாதிரி. அவள் யோசிக்கவில்லை. நாலு வயசிலிருந்து பழகிய வாய்.

"லாபம்" என்றாள் காத்தாயி.

வரிசை முழுவதும் ஒரு மூச்சு விட்டது. ரெண்டு. மூணு. நாலு. சரசரவென்று எண்ணிக்கை அவளை நோக்கி வந்தது. பத்து. பக்கத்தில் நின்றவள் பதினொண்ணு என்றாள். காத்தாயி வாயைத் திறந்தாள்.

அவள் சொல்வதற்குள், அவள் தோளுக்குப் பக்கத்திலிருந்து, அவளுடைய குரல் சொன்னது. "பன்னெண்டு."

"தேவமாதாவுக்குத் தோத்திரம்" என்று இன்னாசியம்மாள் விளக்கைத் தாழ்த்தினாள்.

சோற்றுக்கு உட்கார்ந்தபோது பதினோரு தட்டுகள். பதினோரு பேர் சாப்பிட்டார்கள். காத்தாயி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய இடத்தில், அவளுடைய சேலையில் ஒருத்தி உட்கார்ந்து, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். ராசாத்தியின் தோளைப் பிடித்து உலுக்கினாள் காத்தாயி. ராசாத்தி அந்தத் தோளை மட்டும் லேசாகச் சொறிந்துகொண்டாள். அக்கா என்று கத்தினாள். அக்கா என்று வரவில்லை.

"லாபம்."

மறுபடி கத்தினாள். மறுபடியும் அதே வார்த்தை. வேறு எந்த வார்த்தையும் அவள் வாயில் மிச்சமில்லை. ராசாத்தி சோற்றை அப்படியே வைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

தொண்டை வறண்டது. தண்ணீர்ப் பானைக்குள் கையை விட்டாள். கை நனையவில்லை. விரல்களைப் பார்த்தாள். முந்திரி எண்ணெய்க் கறை ஒன்றுகூட இல்லை. சுத்தமான விரல்கள். யாருடைய விரல்களோ.

விடிந்தது. கோயில் மணி அடித்தது. வாசலைத் திறந்தார்கள். முந்திரிக்காட்டு வண்டித்தடத்தில் சலங்கைச் சத்தம் கேட்டது, காத்தாயி வீட்டு மாட்டின் சலங்கைதான். அழகுமலை வந்தேவிட்டான். புது வேட்டி கட்டியிருந்தான். வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் துணி விரித்து, செவந்தியைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தான். மூன்று மாதத்தில் பிள்ளை கொழுகொழுவென்று ஆகியிருந்தது.

"காத்தாயி! ஏ ஆத்தா, காத்தாயி!"

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு உலகமே கண்ணீராகிவிட்டது. தாழ்வாரத்தின் விளிம்புவரை ஓடினாள். அதற்கு மேல் கால் வரவில்லை. மூலைத் தூண்வரைதான் வந்தது. தூணைக் கட்டிக்கொண்டு, நெஞ்சு வெடிக்கிற மாதிரி அப்பா என்று கத்தினாள்.

"லாபம்!"

அழகுமலை சட்டென்று நின்றான். தலையைச் சாய்த்துக் கேட்டான். களத்து மேட்டில் நிற்கிற மாதிரி. மூன்று மாதமாகச் செத்துக் கிடந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"அம்மா, கேட்டீங்களா? எம்மகளைக் கூட்டிட்டுப் போற நேரத்துல நல்ல வார்த்தை காதுல விழுகுது. நல்ல சகுனங்க. இனிமே ஒரு கொறையும் வராது" என்று இன்னாசியம்மாளைக் கும்பிட்டான்.

அவன் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, மற்றப் பெண்களோடு நின்றவள் படியிறங்கிப் போனாள். காத்தாயியின் சேலை. காத்தாயியின் நடை. கறுத்து உரிந்த விரல்கள். ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. "வந்துட்டேன்ப்பா" என்றாள். அழகுமலை அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். அழுதான்.

லாபம். லாபம். லாபம். தூணைப் பிடித்தபடி காத்தாயி கத்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் முகம் இன்னும் மலர்ந்தது.

வண்டி திரும்பியது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவள் செவந்தியை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிள்ளை மாரில் வாய் வைக்கவில்லை. தலையைத் திருப்பித் தாழ்வாரத்துத் தூணையே பார்த்து வீறிட்டது. அவள் அதட்டவில்லை, ஆட்டவும் இல்லை. பிள்ளையின் பிஞ்சுக் கையை மெல்லப் பிரித்தாள். எண்ணப்போகிறவள் மாதிரி, கட்டைவிரலை மட்டும் இரண்டு விரல்களால் பிடித்துத் தூக்கினாள். எண்ணவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, காத்தாயியைப் பார்த்தாள். நேற்றிலிருந்து அவள் கண்ணை நேராகப் பார்த்த முதல் கண்கள்.

காத்திருந்தாள்.

காத்தாயி வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். சொல்லமாட்டேன், சொல்லமாட்டேன். சொன்னால் செவந்தியும் அந்தக் கணக்கில் ஏறிவிடுவாள். வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையின் கட்டைவிரல் இன்னும் அந்தரத்திலேயே இருந்தது. நாலு வயசிலிருந்து பழகிய வாய், பொத்திய விரல்களுக்கு அடியில், தானாகத் திறக்க ஆரம்பித்தது.