ஒப்படைத்த பிள்ளை

வெல்டருக்கு வீட்டுத் தரகர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. எதிர்வீட்டுக்காரனையே நம்பாத மனிதர், கடல் தாண்டி இருப்பவனையா நம்பிவிடுவார்? நர்சிங் பயிற்சிக்காக வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போன மகள், தங்க அறை தேடிக்கொண்டிருந்தாள்.

"போட்டோ எல்லாம் வேணாம். வீடியோவுல காட்டு. சுவத்தைக் காட்டு, தாழ்ப்பாளைக் காட்டு. நான் பார்த்துச் சொல்ற வரைக்கும் கையெழுத்துப் போடாத" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

முதல் அறை கடைத்தெருவில், ஒரு மாடியில். ஆஸ்பத்திரிக்குப் பக்கம். மகளுக்குப் பிடித்துப்போனது. ஆனால் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பையன்கள் சிரித்துக்கொண்டு வெளியே போனதை அவர் பார்த்துவிட்டார்.

"வேணாம்."

"அவங்களும் ஸ்டூடண்ட்ஸ்தான்ப்பா."

"அதனாலதான் வேணாம். அடுத்ததைக் காட்டு."

அடுத்தது ஒரு பழைய வீட்டின் பின்பக்க அறை. மகள் போனைத் திருப்பிப் பிடித்தபடி நடந்தாள். வெளிச்சம் எட்டாத நீண்ட நடை. ஈரம் ஊறிய சுவர். முனகிக்கொண்டே திறந்த கதவு. ஜன்னலுக்குக் கம்பியே இல்லை. காலமெல்லாம் ஜன்னல் கிரில் அடித்துச் சாப்பிட்டவர் அவர். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

அப்போதுதான் அந்த அம்மாளைப் பார்த்தார்.

ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஏதோ துணியை வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். நரைத்த தலை. குனிந்த முகம். அந்நியப் பெண்ணை உற்றுப் பார்ப்பது மரியாதையா? வெல்டர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். யாரென்று கேட்கவும் கூச்சம். வீட்டுக்கார அம்மாவாகத்தான் இருக்கும். வயசான பொம்பளை ஒருத்தி கூடவே இருந்தால் கம்பியாவது ஒன்றாவது!

கைகூப்பினார். "தாயில்லாப் பிள்ளைம்மா. பார்த்துக்கங்க."

பக்கத்தில் நின்ற தரகரிடம் சொல்கிறார் என்று மகள் நினைத்துக்கொண்டாள். "அவருக்கு உன் பாஷை தெரியாதுப்பா" என்று சிரித்தாள். தரகரும் இளித்து வைத்தார். தரகன் சிரிப்பு எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

நாற்காலியில் இருந்தவள் மட்டும் மெதுவாகத் தலையசைத்தாள்.

"இதையே முடிச்சிடு பாப்பா" என்றார் வெல்டர்.

குடிபோன சில நாளிலேயே மகளின் குரல் வாடிவிட்டது. அறையில் காயாத துணியின் வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போகவில்லை. வேலை முடிந்து வந்தால், கழற்றிப் போட்ட துணியெல்லாம் மடித்துக் கிடக்கிறது. தூங்கி எழுந்தால், போர்வை கழுத்து வரைக்கும் இறுக்கிச் செருகியிருக்கிறது. கையைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை.

"அந்த அம்மா செஞ்சிருப்பாங்க. நல்ல மனசு."

"எந்த அம்மா?"

"அதான், வீட்டுக்கார அம்மா. ஜன்னல்கிட்ட நாற்காலியில உட்கார்ந்து துணி மடிச்சுட்டிருந்தாங்களே."

திரையில் மகளின் புருவம் சுருங்கியது.

"அப்பா... இங்க என்னைத் தவிர யாருமே கிடையாது. ஜன்னல்கிட்ட நாற்காலியும் கிடையாதுப்பா."

வெல்டர் போனைக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

மகளின் முகத்துக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது.

கட்டிலில் நரைத்த தலை ஒன்று குனிந்திருந்தது.

"பாப்பா. திரும்பிப் பார்க்காத. பை வேணாம், செருப்பு வேணாம். அப்படியே வெளிய போ."

"ஏம்ப்பா? என்ன..."

"போடி!"

ஓடினாள். திரையில் சுவர், நடை, வாசல் எல்லாம் குலுங்கி, கடைசியில் வெயில் வந்தது. அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது.

அன்றைக்கே கடைத்தெரு மாடி அறைக்கு மாறினாள். அந்தப் பையன்கள்தான் போய்ச் சாமானை எடுத்து வந்தார்கள். இந்தப் பிள்ளைகளையா சந்தேகப்பட்டோம் என்று வெல்டருக்கு வெட்கமாகிவிட்டது.

மகள் தலைக்குக் குளித்து, கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு கூப்பிட்டாள். நல்ல பகல் வெளிச்சம். கீழே வண்டிச் சத்தம். கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் எல்லாம் காட்டச் சொல்லிப் பார்த்தார். யாரும் இல்லை.

"இப்பவாவது நிம்மதியாப்பா?"

அவருக்கு மனசு ஆறவில்லை. அந்த வெற்று அறையைப் பார்த்தே சொன்னார்: "அம்மா, தெரியாம ஒப்படைச்சுட்டேன். விட்டுடுங்க. என் பிள்ளையை நானே பார்த்துக்கறேன்."

"யார்கிட்டப்பா பேசுற?"

வெல்டர் மகளின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா... தலை எப்பப் பின்னின?"

"பின்னலையேப்பா. ஈரமா இருக்குன்னு விரிச்சுத்தானே..."

அவள் கை தோளுக்குப் போனது. பாதியில் நின்றது.

இறுக்கமான பின்னல். நுனி மட்டும் இன்னும் பின்னி முடியவில்லை.

பின்னல் மெல்லப் பின்பக்கமாக இழுபட்டது. மகளின் முகம் தானாக நிமிர்ந்தது.