கவரப்பேட்டைலாம் எறங்கு!

அந்தக் கல்யாண மண்டபம் முழுக்கப் பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் ஒன்றும் இல்லை. கும்மிடிப்பூண்டியில் பெண்களுக்கு ஏ.சி. மெக்கானிக் பயிற்சி தரப்போகிறார்கள். கட்டணம் கிடையாது. படிக்கும்போதே மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. அதற்கு ஆள் எடுக்கும் நாள் இன்று.

வந்தவர்களில் பாதிப் பேர் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனிச் சீருடையைக்கூடக் கழற்றாமல் நேரே வந்தவர்கள். பாவம், நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தாமதம், தலை தொங்கிவிட்டது.

அஸ்வினியின் அம்மா கங்கம்மாவும் அப்படித்தான். "எம் பேரக் கூப்ட்டா எழுப்பு கண்ணு" என்று சொன்னவள், மகளின் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அஸ்வினிக்கும் கண் எரிந்தது. அம்மாவுக்கு இரவு வேலை என்றால் அவள் பக்கத்து வீட்டில் படுக்க வேண்டும். அங்கே தூக்கமே வராது. இந்தப் பயிற்சி கிடைத்தால் அம்மா பகலில் படிக்கலாம், முடித்ததும் பகல் வேலைக்கே போகலாம். அதனால் அஸ்வினி கண்ணை மூடவே இல்லை.

"சாராள்!" மேடையிலிருந்து அதிகாரி வீரராகவன் கூப்பிட்டார். பதில் இல்லை. "வரலையா? சரி, அங்காளம்மாள்!"

அதற்கும் பதில் இல்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஃபோன் பண்ணா வரேன் வரேன்னு சொல்றது. ஒருத்தரும் வர்றதில்ல."

வந்திருக்காங்க சார் என்று சொல்ல வாயைத் திறந்தாள் அஸ்வினி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அம்மாவோடு வேலை செய்யும் ஏஞ்சலின் அவள் கையை அழுத்தினாள்.

"சும்மா இரு பாப்பா. எடமே கொஞ்சம்தான் கீது. ஆளு கொறைஞ்சா உங்கம்மாவுக்குத்தான் நல்லது."

அதுவும் சரிதான் என்று பட்டது. ஆனால் முன் வரிசையில் இருந்த பெண்ணின் கழுத்து அட்டையில் 'சாராள்' என்று எழுதியிருந்தது. அம்மாவைப் போலவே வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவளுக்காகவும் வீட்டில் யாராவது காத்திருப்பார்களே! அஸ்வினிக்கு மனசு கேட்கவில்லை.

அம்மாவின் தலையை மெல்ல நாற்காலியில் சாய்த்துவிட்டுப் போய்ச் சாராளை உலுக்கினாள். "அக்கா, எழுந்துக்கோங்க!"

"கவரப்பேட்டை வந்துட்ச்சா?" என்று முனகிவிட்டுச் சாராள் மறுபடியும் தூங்கிப்போனாள்.

அஸ்வினிக்குச் சிரிப்பு வந்தது. கம்பெனி பஸ்ஸிலும் இதே கூத்துதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் அசைய மாட்டார்கள். டிரைவர் ஊர்ப் பெயரைக் கத்தினால் மட்டும் துள்ளி எழுவார்கள். அம்மாதான் சொல்லியிருக்கிறாள்.

அஸ்வினி மண்டபத்தின் நடுவில் போய் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"கவரப்பேட்டைலாம் எறங்கு! எளாவூர்லாம் எறங்கு! பொன்னேரி! பொன்னேரி!"

அடேங்கப்பா! மண்டபமே எழுந்து நின்றது. அரைக் கண்ணைத் திறந்துகொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வாசலுக்கு நடந்தார்கள். முதல் ஆளாகப் போனவள் கங்கம்மாதான்.

"மா, எங்க போற? இது பஸ் இல்லமா!"

"ஐயையோ! இன்னா வேலடி பண்ண நீ?" கங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அத்தனை களைப்பிலும் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது.

வீரராகவன் மட்டும் சிரிக்காமல் இறங்கி வந்தார். "இவ்வளவு பேரும் வந்திருக்கீங்களா?"

"ஆமா சார்" என்றாள் அஸ்வினி. "நைட்டெல்லாம் வேல செஞ்சிட்டு வந்துகீறாங்க. அதான் தூங்கிட்டாங்க."

"நல்ல வேளை, சொன்னியேம்மா. ஆள் சேரலைன்னா வகுப்பையே நிறுத்தச் சொல்லியிருக்காங்க. நானும் நிறுத்திடலாம்னுதான் இருந்தேன்."

ஏஞ்சலின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் மேடையேறி, சாராளிலிருந்து மறுபடி கூப்பிட ஆரம்பித்தார்.

கங்கம்மாவின் முறை வந்தது. "எதுக்கும்மா இந்த வேலையைக் கத்துக்கணும்?"

"முடியல சார்" என்றாள் கங்கம்மா. "பகல்ல வேல பாக்கணும். ராத்திரியில எம் பொண்ணுகூட இருக்கணும். அவ்ளோதான் சார்."

வீரராகவன் அவள் பெயருக்கு நேரே டிக் போட்டார். பிறகு, "திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க" என்றார்.

அஸ்வினிக்கு ஒரே ஒரு சந்தேகம். "சார், ராத்திரியில கிளாஸ் எதுவும் இல்லையே?"

"இல்லம்மா. சாயங்காலத்தோட சரி."

படியில் இறங்கும்போது கங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "திங்கக்கெழம ராத்திரி யாரு ஊட்ல படுப்ப?"

"நம்ம ஊட்லதான்!" என்றாள் அஸ்வினி. "உன்ன இறுக்கிக் கட்டிகினு."